மின்னஞ்சல் பட்டியல்: முதல் முகவரி வருவதற்கு முன் போட வேண்டிய திட்டம்

கையால் தைத்த நோட்டுப்புத்தகங்களை இணையத்தில் விற்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்த ஆர்டர்களில் எல்லாம் வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதே, அவற்றை ஒரே கோப்பில் கொட்டினால் பட்டியல் தயார்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கொட்டினேன். அஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்குத் திறந்து, அன்று மாலையே அத்தனை பேருக்கும் தள்ளுபடி அறிவிப்பை அனுப்பினேன். மறுநாள் காலையில் என் கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

பல முகவரிகள் எப்போதோ மூடப்பட்டவை. திரும்பி வந்த அஞ்சல்கள் குவிந்து கிடந்தன. உயிரோடிருந்த முகவரிகளுக்கு உரியவர்களில் சிலர் ‘ஸ்பேம்’ பட்டனை அழுத்தியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்றோ ஒருநாள் ஒரே ஒரு நோட்டு வாங்கியவருக்கு என் கடையின் பெயர் எப்படி நினைவிருக்கும்? கணக்கை முடக்கிய சேவையையும் குறை சொல்ல முடியாது. என்னைப் போன்ற பத்துப் பேரை விட்டுவைத்தால், அதே சர்வர் வழியாக ஒழுங்காக அனுப்புகிறவர்களின் அஞ்சலும் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும்.

அதன் பிறகு முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை முகவரி சேர்ப்பதற்கு முன்பே சில முடிவுகளை எடுத்துவைத்தேன். அவற்றை எடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். நீங்கள் விற்பது நோட்டாக இல்லாமல் ஓவிய வகுப்பாகவோ மென்பொருளாகவோ இருந்தாலும் வரிசை மாறாது.

1. பதிவுப் பெட்டிக்கு மேலே வரும் வாக்கியம்

மென்பொருளை இப்போது திறக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, பதிவுப் பெட்டிக்கு (இணையதளத்தில் சேர விரும்புகிறவர் தன் முகவரியைத் தட்டும் கட்டம்) மேலே வரப்போகும் வாக்கியத்தை எழுதுங்கள். யாருக்கு, என்ன, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

‘எங்கள் செய்திமடலில் இணையுங்கள்’ என்ற வரியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. செய்திமடல் கிடைக்கவில்லையே என்று யாரும் தூக்கம் கெட்டு அலைவதில்லை. ‘சலுகைகளையும் புதிய வரவுகளையும் அறியுங்கள்’ என்பது சற்றுப் பரவாயில்லை. எந்தக் கடையின் வாசலிலும் ஒட்டிவிடலாம் என்பதுதான் அதன் குறை. அடித்து அடித்துத் திருத்தி நான் வந்து சேர்ந்த வாக்கியம் இது: ‘தினமும் கையால் எழுதுகிறவர்களுக்கு, மாதம் இருமுறை, தாளும் மையும் தையலும் பற்றி ஒரு பயனுள்ள குறிப்பு, புதிய நோட்டு வந்தால் மற்றவர்களுக்கு ஒருநாள் முன்பே உங்களுக்குத் தகவல்.’

நீளம்தான். ஆனால் பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில் சொல்லிவிடுகிறது. கடிதத்தில் என்ன எழுதுவது? தாள், மை, தையல். விற்பனை மந்தமான வாரத்தில் மூன்று கடிதம் அனுப்பலாமா? மாதம் இருமுறை என்று சொல்லியாயிற்று, கூடாது. புதிய நோட்டை முதலில் எங்கே அறிவிப்பது? பட்டியலில்தான், சமூக ஊடகத்தில் மறுநாள். வாக்கியம் தெளிவாக இல்லாத கடைகளில் இந்தக் கேள்விகள் ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுந்து, ஒவ்வொரு வாரமும் அவசரத்தில் பதில் பெறுகின்றன.

வாக்கியம் கிடைத்ததும் அதற்குக் கீழே பன்னிரண்டு கோடுகள் போடுங்கள். முதல் பன்னிரண்டு கடிதங்கள் எதைப் பற்றி இருக்கும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதுங்கள். ஏழாவது கோட்டில் பேனா நின்றுவிட்டால் நீங்கள் சொன்ன இடைவெளி உங்களுக்குத் தாங்காது. மாதம் ஒருமுறை என்று இப்போதே மாற்றிவிடுங்கள். பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாங்கியவர்களும் வாங்கத் தயங்கியவர்களும் உங்களிடம் கேட்ட கேள்விகள் பழைய அஞ்சல்களில் தூங்கிக்கொண்டிருக்கும். என்னிடம் அடிக்கடி வந்தது ‘உங்கள் நோட்டு மட்டும் மேசையில் எப்படி விரிந்து படுக்கிறது?’ என்ற கேள்வி. தாளின் இழை நோட்டின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பதுதான் விடை. அதை விளக்கி எழுதிய கடிதத்துக்கு வந்த பதில்கள் எந்தத் தள்ளுபடி அறிவிப்புக்கும் வந்ததில்லை.

2. முகவரிக்கு ஈடாக என்ன கொடுப்பது

முகவரி தருகிறவருக்கு உடனே ஏதாவது கொடுப்பது நல்ல வழக்கம். எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

பட்டியலில் சேர்ந்தால் குலுக்கல் முறையில் கைபேசி பரிசு என்று அறிவித்தால் ஒரே வாரத்தில் முகவரிகள் குவியும். கூரை மேல் சோறு போட்டால் ஆயிரம் காகம். சோறு தீர்ந்ததும் பறந்துவிடும். பறக்கும்போது ஸ்பேம் பட்டனையும் ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும். உங்கள் பொருளை வாங்கக்கூடியவருக்கு மட்டுமே ருசிக்கும் ஒன்றைக் கொடுங்கள். நான் கொடுப்பது ஒரே பக்கத் தாள்: ஒரு நோட்டின் பக்கங்களை நாட்குறிப்புக்கும் செலவுக் கணக்குக்கும் எப்படிப் பிரிப்பது என்ற மாதிரி. கையால் எழுதாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் அது நல்ல வடிகட்டி.

முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி தருவதும் பரவலாக இருக்கிறது. லாபம் இடம் கொடுத்தால் செய்யுங்கள். ஆனால் அது ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கிறது: அடுத்த தள்ளுபடி வரும்வரை வாங்காமல் காத்திருக்கும் பழக்கம். இரண்டு பேர் நடத்தும் கடைக்கு அது கனமான சுமை.

விலைக்குக் கிடைக்கும் முகவரிப் பட்டியல்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, வாங்காதீர்கள். கேட்காதவருக்கு மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் விளம்பர மின்னஞ்சல் என்று வரலாறு குறித்துவைத்திருப்பது 1978 மே 3 அன்று, இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்பாநெட்டில் போனது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் புதிய கணினிகளை அறிவிக்க, அச்சிட்ட டைரக்டரியைப் பார்த்துச் சில நூறு முகவரிகளைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். கண்டனம் கொட்டியது. நான் ஆர்டர் பதிவேட்டைப் பார்த்துச் செய்ததும் ஏறத்தாழ அதுவேதான்.

3. அனுப்புகிற முகவரியும் அதன் அடையாள அட்டைகளும்

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய பகுதி இதுதான்.

கடைக்கென்று சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வேண்டும். கடிதம் அந்த டொமைனில் உள்ள முகவரியிலிருந்து போக வேண்டும். இலவச முகவரியை ‘அனுப்புநர்’ இடத்தில் வைத்து ஒரு சேவை வழியாக அனுப்பினால் என்ன ஆகும் என்பது 2014 ஏப்ரலில் தெரிந்தது. தன் பெயரில் முடியும் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லும் அஞ்சல் தன் சர்வரிலிருந்து வராவிட்டால் நிராகரித்துவிடுங்கள் என்று யாஹூ அன்று உலகத்துக்கு அறிவித்தது. அப்படி அனுப்பிக்கொண்டிருந்த சிறு கடைகளின் கடிதங்கள் ஒரே நாளில் திரும்பி வந்தன.

டொமைன் கிடைத்ததும் அதன் டிஎன்எஸ் பதிவுகளில் (டொமைனைப் பற்றி யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு) மூன்று அடையாளங்களைச் சேர்க்க வேண்டும். முதலாவது எஸ்பிஎஃப். இந்த டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல் அது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். அலுவலக அஞ்சலுக்கு ஒன்று, செய்திமடல் சேவைக்கு ஒன்று என்று இரண்டு வரி போட்டால் இரண்டுமே செல்லாது. ஏற்கெனவே உள்ள வரியிலேயே புதிய சேவையைச் சேருங்கள். இரண்டாவது டிகேஐஎம். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத கையொப்பம் விழுகிறது. அது உண்மையானதா என்று சரிபார்க்கும் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும். வழியில் யாராவது கடிதத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. மூன்றாவது டிமார்க். முதல் இரண்டில் ஒன்றாவது ‘அனுப்புநர்’ இடத்தில் தெரியும் டொமைனோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் இப்படி நடந்துகொள்ளுங்கள் என்று பெறுகிறவர்களுக்கு நீங்கள் இடும் கட்டளை அது. அதற்கு மூன்று நிலைகள் உண்டு: ஒன்றும் செய்யாமல் அறிக்கை மட்டும் அனுப்புவது, சந்தேகப் பெட்டியில் போடுவது, நிராகரிப்பது. முதல் நிலையில் தொடங்கி, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்த பிறகு மேலே ஏறுங்கள். எடுத்தவுடன் நிராகரிப்பில் வைத்தால், உங்கள் ஆர்டர் ரசீதுகளே வாடிக்கையாளரை எட்டாமல் போகலாம்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை என்று நினைக்கத் தோன்றும். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்று அடையாளங்களும் கட்டாயம். விளம்பரக் கடிதத்தில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் கட்டாயம். 2025 மேயில் மைக்ரோசாஃப்ட்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு அதே 5,000 கோட்டைக் கிழித்து, மூன்று அடையாளங்களையும் கேட்கத் தொடங்கியது. நம் போன்றோர் அந்த எண்ணை எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஜிமெயில் விதிகளின்படி எல்லா அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. இந்தக் கணக்கைச் சிறிய பட்டியலில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒருவர் புகார் செய்தாலே 0.1 சதவீதம். இருநூறு பேரில் ஒருவர் என்றால் 0.5 சதவீதம். பட்டியல் சிறியதாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு கோபக்காரரும் விலை கூடியவர்.

முடிந்தால் செய்திமடலுக்குத் தனித் துணை டொமைன் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த பெயர்) வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களுக்கு ஏதாவது கெட்ட பெயர் வந்தாலும் ஆர்டர் உறுதி அஞ்சல்கள் அதில் சிக்குவது குறையும்.

4. எந்தச் சேவை

சொந்த ஜிமெயில் கணக்கிலிருந்து எல்லாரையும் மறைமுக நகலில் (பிசிசி) போட்டு அனுப்புவது வேண்டாம். சாதாரணக் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர்தான் எல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒருநாள் அவசரத்தில் தவறான கட்டத்தில் ஒட்டினால் அத்தனை பேரின் முகவரியும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

மெயில்சிம்ப், மெயிலர்லைட், பிரெவோ, கிட் என்று சேவைகள் நிறைய. இலவசத் திட்டங்களின் எல்லைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றை ஒப்பிட்டு இங்கே எழுதிப் பயனில்லை. சேருவதற்கு முன் இவற்றை மட்டும் கேளுங்கள்: முழுப் பட்டியலையும், சேர்ந்த தேதியும் விலகியவர் விவரமும் சேர்த்து, கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? இரட்டை உறுதி வசதி (பதிந்தவர் தன் அஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்வது) உண்டா? நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்திலேயே தானியங்கி வரவேற்புக் கடிதம் அடங்குமா? விலகியவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கட்டணம் வாங்குவார்களா? கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். போனவர்களுக்காக ஓராண்டு பணம் கட்டினேன்.

5. படிவம்

மின்னஞ்சல் முகவரி மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டாலும் கட்டாயமாக்காதீர்கள். கைபேசி எண், பிறந்தநாள், ஊர் எல்லாம் கேட்கும் படிவம் வாடகை ஒப்பந்தம் போல் தோன்றும். கேட்கிற ஒவ்வொரு விவரத்தையும் பாதுகாக்க வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

படிவத்தை எங்கே வைப்பது? ஆர்டர் முடிந்து நன்றி சொல்லும் பக்கத்தில் வையுங்கள். உங்களை நம்பி அப்போதுதான் பணம் கொடுத்திருக்கிறார். ஒரு பொருள் கையிருப்பில் இல்லை என்று சொல்லும் இடத்தில் வையுங்கள். ‘வந்ததும் சொல்லுங்கள்’ என்று கேட்பவரைவிட ஆர்வமுள்ளவர் யார்? ஆனால் அவர் கேட்டது அந்த ஒரு தகவலை மட்டுமே. செய்திமடலுக்குத் தனியே கேளுங்கள். இணையதளத்தின் அடியில் ஒன்று இருக்கட்டும். உள்ளே நுழைந்த மூன்றாம் நொடியில் திரையை மறைத்து எழும் பெட்டி எனக்குப் பிடிக்காது. அதுவும் முகவரிகளைக் கொண்டுவருகிறது என்பதை மறுக்க மாட்டேன். வைத்தே ஆக வேண்டுமானால், பக்கத்தைப் பாதிக்கு மேல் படித்தவருக்கு மட்டும் காட்டுங்கள். மூடும் குறியை விரலுக்கு எட்டும் அளவில் வையுங்கள்.

இனி இரட்டை உறுதி. பதிந்தவருக்கு உடனே ஓர் அஞ்சல் போகும்; அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் அவர் பட்டியலில் சேர்வார். இதனால் சிலரை இழப்போம் என்று பலர் இதை வைப்பதில்லை. இழப்பது உண்மைதான். ஆனால் எழுத்துப்பிழையோடு வந்த முகவரி, பிறர் பெயரில் விளையாட்டாகப் பதிந்தது, படிவங்களில் கண்டதை நிரப்பும் தானியங்கி நிரல்கள் எல்லாம் இந்த ஒரு வாசலிலேயே நின்றுவிடுகின்றன. சிறிய கடைக்கு ஒரு புகார்கூடக் கனமானது என்று கணக்குப் போட்ட பிறகு நான் இதில் தயங்கவில்லை. உறுதி அஞ்சலின் வாசகத்தை மட்டும் சேவை கொடுத்தபடியே விட்டுவிடாதீர்கள். ‘சந்தாவை உறுதிப்படுத்தவும்’ என்ற வறட்டு வரிக்குப் பதில் ‘பக்கப் பிரிப்புத் தாள் காத்திருக்கிறது, இந்தப் பட்டனை அழுத்துங்கள்’ என்று எழுதியதும் உறுதி செய்தவர்கள் கூடினார்கள்.

6. சம்மதமும் சட்டமும்

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு, கடிதம் பெறுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதும் இங்கே கணக்கில் வரும். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், முன்கூட்டியே டிக் போட்டுவைத்த பெட்டியைச் சம்மதமாக ஏற்பதில்லை. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் முன் சம்மதம் கேட்பதில்லை. ஆனால் கடிதத்தில் உண்மையான தபால் முகவரி இருக்க வேண்டும், தலைப்பு ஏமாற்றக் கூடாது, விலகல் கோரிக்கையைப் பத்து வேலைநாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிவான செயலால் காட்டிய சம்மதத்தைக் கேட்கிறது. கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வேலை செய்யுங்கள்: யார், எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், எந்த வாசகத்தைப் பார்த்துச் சேர்ந்தார் என்ற பதிவை வைத்திருங்கள். பெரும்பாலான சேவைகள் தேதியைத் தாமே குறித்துக்கொள்ளும். வாசகத்தை மாற்றும்போதெல்லாம் பழையதை ஒரு கோப்பில் எடுத்துவைப்பது உங்கள் வேலை.

பழைய வாடிக்கையாளர்களை என்ன செய்வது? 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கனடாவின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டம் ஓர் அளவுகோலைத் தருகிறது: பொருள் வாங்கியவரிடம் இரண்டு ஆண்டு வரை, விசாரித்து மட்டும் போனவரிடம் ஆறு மாதம் வரை சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். கனடாவில் யாருக்கும் விற்காவிட்டாலும் இந்தக் கால எல்லை நல்ல நிதானத்தைத் தருகிறது. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால், மிக அண்மையில் வாங்கியவர்களில் ஒரு சிறு தொகுதிக்கு மட்டும், நான் யார், நீங்கள் எப்போது என்ன வாங்கினீர்கள், இப்படி ஒரு கடிதம் தொடங்குகிறேன், வேண்டுமானால் இங்கே அழுத்துங்கள் என்று ஒரே ஒருமுறை எழுதுங்கள். அழுத்தாதவரை விட்டுவிடுங்கள்.

7. வரவேற்புக் கடிதங்கள்

ஒருவர் உங்களை மிக நன்றாக நினைவில் வைத்திருப்பது சேர்ந்த அந்தச் சில நிமிடங்களில்தான். முதல் வழக்கமான கடிதம் வரப் பதினைந்து நாள் ஆகலாம், அதற்குள் மறந்துவிடுவார். எனவே பதிவுப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மூன்று கடிதங்களை எழுதித் தானியங்கி வரிசையில் வையுங்கள்.

முதலாவது உறுதி செய்த உடனே போக வேண்டும். என்னுடையது ஏறத்தாழ இப்படி:

‘வணக்கம். நீங்கள் கேட்ட பக்கப் பிரிப்புத் தாள் இந்த இணைப்பில் இருக்கிறது. நோட்டுகளைத் தைப்பதும் இந்தக் கடிதங்களை எழுதுவதும் ஒரே ஆள்தான். மாதம் இரண்டு கடிதம் வரும். போதும் என்று தோன்றினால் கீழே உள்ள இணைப்பில் ஒரே கிளிக்கில் விலகலாம், காரணம் கேட்க மாட்டேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: எதை எழுதுவதற்காக நோட்டு தேடுகிறீர்கள்? இந்த அஞ்சலுக்கே பதில் போடுங்கள்.’

கடைசிக் கேள்வியில்தான் இந்தக் கடிதத்தின் உயிர் இருக்கிறது. பத்தில் ஒருவர் பதில் எழுதினாலும் போதும், அடுத்த சில மாதங்களுக்கு எழுதப் பொருள் கிடைத்துவிடும். எந்த நோட்டு தைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இசைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குக் கோடு போட்ட நோட்டு தைக்கத் தொடங்கியது இப்படி வந்த பதில்களால்தான். ‘பதில் அனுப்ப வேண்டாம்’ என்று முகவரியிலேயே அறிவிக்கும் கடைகளைப் பார்க்கும்போது, கடையைத் திறந்துவைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறவரைப் போலத் தோன்றும்.

இரண்டாவது கடிதம் மூன்று நாள் கழித்து: உங்கள் குறிப்புகளில் மிகச் சிறந்த ஒன்று. விற்பனை வாடையே இருக்கக் கூடாது. மூன்றாவது ஒரு வாரம் கழித்து: இப்போது பொருளைக் காட்டுங்கள். எது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று இரண்டையும் சொல்லுங்கள். ‘தடித்த முனைப் பேனாவில் எழுதுகிறவர் இந்த மெல்லிய தாள் நோட்டை வாங்க வேண்டாம்’ என்று நான் எழுதிய பிறகு திருப்பி அனுப்பப்படும் நோட்டுகள் குறைந்தன.

8. பிரிவுகள்

தொடக்கத்தில் இரண்டு போதும்: வாங்கியவர், இன்னும் வாங்காதவர். நேற்று நோட்டு வாங்கியவருக்கு இன்று ‘முதல் நோட்டை வாங்குங்கள்’ என்று கடிதம் போவதை இது தடுக்கும். மூன்றாவது பிரிவு தேவைப்பட்டால், வரவேற்புக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலை வைத்துப் பிரியுங்கள். முந்நூறு பேர் பட்டியலில் இருபது பிரிவு வைத்திருப்பவரைப் பார்த்திருக்கிறேன். பிரிப்பதிலேயே நேரம் போய்க் கடிதம் எழுதாமல் இருந்தார்.

9. வழக்கமான கடிதம்

ஒரு கடிதத்தில் ஒரு பொருள், கேட்பதும் ஒன்று. தலைப்பின் முதல் சில சொற்களிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். கைபேசித் திரை மீதியை வெட்டிவிடும். தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரியையும் நீங்களே எழுதுங்கள். விட்டால் அங்கே ‘படம் தெரியவில்லையா? இங்கே அழுத்துங்கள்’ என்பது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முழுக் கடிதத்தையும் ஒரே படமாகச் செய்து அனுப்பாதீர்கள். படங்கள் திறக்காத இடத்தில் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும்; கண் தெரியாதவரின் திரை வாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஒன்றும் இருக்காது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜிமெயில் சுமார் 102 கேபியைத் தாண்டும் கடிதத்தை நடுவில் வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் மறைத்துவிடும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கிறது; ‘கொ’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான். ஆகவே கனமான வடிவமைப்புக்குள் நீளமான தமிழ்க் கடிதத்தை வைத்தால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். வெட்டுப்படுவது கடிதத்தின் அடிப்பகுதி. விலகல் இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது தெரியாதவர் ஸ்பேம் பட்டனைத் தேடுவார்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, கைபேசியில் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திப் பாருங்கள். தவறான இணைப்போடு போன கடிதத்தைத் திரும்ப அழைக்க வழியே இல்லை.

10. எதை எண்ணுவது

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை இப்போது யாரும் நம்ப வேண்டியதில்லை. கடிதத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு படம் ஏற்றப்பட்டால் அதைத் ‘திறந்தார்’ என்று கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்தபோது, ஆப்பிள் அஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பு வசதியும் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவர் கடிதத்தைப் பார்க்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் ஏற்றப்பட்டுவிடும். திறந்தவர் தொகை ஏறும். படித்தவர் தொகை தெரியாது. கிளிக்குகள் இதைவிட மேல். அவற்றிலும் சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் தானே இணைப்புகளை அழுத்திச் சோதிப்பதால் கலப்படம் உண்டு.

நான் ஒரு நோட்டில் கையால் குறித்துவைப்பது நான்கு எண்களை: கடிதம் வழியாக வந்த ஆர்டர்கள், எழுதி வந்த பதில்கள், விலகியவர்கள், ஸ்பேம் புகார்கள். ஒரு கடிதத்தின் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. ஆறு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஏதோ தெரியத் தொடங்கும். ஜிமெயில் புகார்களை நேரடியாகப் பார்க்க கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பும் அளவு குறைவாக இருந்தால் அதில் எண்கள் தெரியாது.

11. களையெடுப்பு

திரும்பி வரும் அஞ்சல் இரண்டு வகை. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று நிரந்தரமாகத் திரும்புவது ஒன்று. அதை முதல் முறையே நீக்க வேண்டும். பெட்டி நிறைந்திருக்கிறது, சர்வர் வேலை செய்யவில்லை என்று தற்காலிகமாகத் திரும்புவது மற்றொன்று; சில முறை பொறுத்துப் பார்க்கலாம். நல்ல சேவைகள் இரண்டையும் தாமே கவனித்துக்கொள்ளும்.

ஆறு மாதமாகக் கிளிக்கும் இல்லை, பதிலும் இல்லை, ஆர்டரும் இல்லை என்பவர்களைத் தனியே எடுத்து ஒரு கடிதம் அனுப்புங்கள்: தொடரட்டுமா, வேண்டாமா? பதில் இல்லாவிட்டால் நீக்கிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் கைவிடப்பட்ட பழைய முகவரிகளில் சில, ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கும் பொறிகளாக மாற்றப்படுகின்றன. அதில் மாட்டினால் உங்கள் டொமைன் தடைப்பட்டியலில் ஏறும் ஆபத்து இருக்கிறது. அங்கிருந்து இறங்குவது எளிதான வேலை இல்லை.

விலகல் இணைப்பைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வையுங்கள். உள்நுழையச் சொல்லாதீர்கள், காரணம் கேட்டு நிறுத்தாதீர்கள். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தோன்றும் விலகல் பட்டன், கடிதத்தோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் தலைப்புத் தகவலில் சேவை சேர்க்கும் ஒரு வரியால் வருகிறது. உங்கள் சேவை அதைச் சேர்க்கிறதா என்று ஒரு சோதனைக் கடிதத்தில் பார்த்துவிடுங்கள். விலகியவருக்கு ஓரிரு நாளுக்குள் கடிதம் நின்றுவிட வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் பட்டியலின் பிரதியை இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு விலகியவர்களின் பட்டியலையும் தனிக் கோப்பாக இறக்குங்கள். ஒருநாள் சேவையை மாற்றுவீர்கள். அன்று புதிய கணக்கில் முதலில் ஏற்ற வேண்டியது அந்த இரண்டாவது கோப்பு. அதை ஏற்றி, தடைசெய்யப்பட்டவர்கள் என்று குறித்த பிறகே சந்தாதாரர்களை ஏற்றுங்கள். வரிசை மாறினால், என்றோ போதும் என்று சொல்லிப் போனவரின் பெட்டியில் உங்கள் ‘வரவேற்கிறோம்’ மறுபடியும் போய் நிற்கும்.